நாப்பத்தி மூணு படி, மாப்ள

வாங்க இஞ்சினியர் சார், இப்பிடி பெஞ்சில உக்காருங்க. பேண்ட்ல ஏலக்காய்த் தூசி ஒட்டும், பரவாயில்லையா? ஏ தம்பி, எங்க மருமகனுக்கு ஒரு கட்டஞ்சாயா போடு. சீனி கம்மி. கோயம்புத்தூர்ல நாலு வருசம் படிச்சுட்டு வந்தவன், வண்டன்மேட்டுச் சீனி அவனுக்கு ஒத்துக்காது.

என்னத்தை நீட்டுற? போனா? இரு, கண்ணாடியை எடுத்துக்கிறேன். ம்... ரோட்டுக்குக் குறுக்கால பாலம். வண்டிக்கா? இல்ல, மனுசன் நடக்கிறதுக்கு. நாலு வழிச் சாலைக்கு மேல. பாக்க லட்சணமாத்தான் இருக்கு. அட, இன்னும் கட்டவே இல்லையா, கம்ப்யூட்டர்ல வரைஞ்சதா? அதான் பாத்தேன். மரம் பச்சையா நிக்குது, ரோடு கழுவி விட்ட மாதிரி கிடக்குது, ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு நாய்க்குட்டியைப் பிடிச்சுட்டுப் பாலத்து மேல உலாத்துது. நம்ம நாலு வழிச் சாலையில நாயோட பாலம் ஏறுற பொம்பளைய இந்த எழுபது வயசுல நான் பாத்ததில்ல மாப்ள. உன் பாலத்துல பாத்தா எனக்குச் சொல்லி அனுப்பு, ஜீப்புக்குக் காசு போட்டு வந்து பாக்கிறேன்.

சரி, கோவிச்சுக்காத. எப்பிடிக் கட்டப் போறீங்க, அதைச் சொல்லு.

துண்டு துண்டா வார்த்து, கொண்டாந்து, கோர்த்து, கம்பி போட்டு இறுக்குறதா? தெரியும்டா. போன தீவாளிக்கு நீ விட்டுட்டுப் போன புத்தகத்தைப் பேத்திதான் ராத்திரிக்கு நாலு பக்கம் வாசிச்சுக் காட்டினா. கரண்டு போற ஊர்ல வேற என்ன பொழுதுபோக்கு? அதுல ஒண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சுது. முன்ன வார்த்த துண்டையே அச்சா வச்சுத்தான் அடுத்த துண்டை வார்ப்பாங்களாமே. அண்ணன் முதுகை அச்சாக்கித் தம்பியை வார்க்கிறது. அப்பத்தான் மேடும் பள்ளமும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போய் உக்காரும். துண்டோட நம்பரை மாத்தி வச்சுட்டா பங்காளிச் சண்டைதான், ஒட்டாது.

அப்புறம் அந்தக் கம்பி. ஏழு இழை சேத்து முறுக்கினது, 15.2 மில்லி தடிமன். என் சுண்டு விரல் அம்புட்டு இருக்கும். ஆனா ஒத்தக் கம்பியை அறுக்கணும்னா 26 டன் வேணும். லோடு ஏத்தின பத்துச் சக்கர லாரியைத் தொங்கவிட்டாக்கூட அது யோசிச்சுத்தான் அறும். துண்டுகளுக்கு உள்ள குழாய் விட்டு, குழாய்க்குள்ள கம்பி விட்டு, ரெண்டு முனையிலயும் ஜாக்கி போட்டு இழுத்து ஆப்பு வைக்கிறது. இதை எங்க சித்தாளு உங்க காலேஜு கட்டுறதுக்கு முன்னாடியே செஞ்சுட்டா. அஞ்சு செங்கலை வரிசையா வச்சு, ரெண்டு பக்கமும் உள்ளங்கையால அமுக்கி, ஒரே தூக்காத் தூக்குவா பாரு. நடுக்கல்லுக்கு அடியில என்ன முட்டு இருக்கு? அமுக்கம்தான். கை லேசாத் தளந்தா நடுக்கல் நேரா அவ கால் பெருவிரல்லதான் வந்து விழும். பிரான்சுக்காரர் யூஜின் ஃபிரெய்சினே 1928ல இதுக்குக் காப்புரிமை வாங்கினார், 1946ல மார்ன் ஆத்துக்கு மேல லூசான்சிங்கிற ஊர்ல துண்டுகளைக் கோர்த்து 55 மீட்டர் பாலம் போட்டார். சித்தாளு காப்புரிமை வாங்கல. அவளுக்கு அன்னைக்குக் கூலி வாங்கவே நேரம் பத்தல.

நம்ம ஊர்ல மந்திரி வந்தா ஏலக்காய் மாலை போடுறோம்ல, அதுவும் இதே வேலைதான். காயைக் கோக்கிறது, நூலை இறுக்கிறது. ஒரே வித்தியாசம், மாலை தொங்கினா அழகு, பாலம் தொங்கினா கேஸு.

கனடாவில ஷெர்புரூக்குன்னு ஒரு ஊர். அங்க 1997ல மேகாக் ஆத்துக்கு மேல நடைபாலம் ஒண்ணு, இதே மாதிரி பத்துப் பத்து மீட்டர்ல ஆறு துண்டு, மொத்தம் 60 மீட்டர். மனுசன் நடக்கிற தளத்தோட கனம் எம்புட்டு தெரியுமா? 30 மில்லி. இந்த டீக்கடைப் பெஞ்சுப் பலகை கனம். ஜல்லியே போடாத ஒரு கான்கிரீட்டாம், சின்னச் சின்னப் பொடியா அரைச்சுச் சேத்தது. கேட்டப்ப எனக்கே ஆசை வந்துடுச்சு, போய் ஒரு நடை நடந்து பாக்கலாமான்னு. உன் தொழிலை நான் கேலி பண்ணலடா. தொழில் அருமையானது. தொழிலாளிதான் கொஞ்சம் அவசரக்காரன்.

இப்ப விசயத்துக்கு வாரேன். புத்தடிக்கு வந்திருக்கேல்ல? ஸ்பைசஸ் பார்க்குல கம்ப்யூட்டரை முன்னால வச்சுட்டு வியாபாரிக வரிசையா உக்காந்திருப்பாக, ஏலக்காய் ஏலம் போகும். யாரு அதிகமாக் கேக்கிறானோ அவனுக்குக் காய். நீங்களும் பாலத்தை ஏலம்தான் விடுறீங்க, டெண்டர்னு பேரு வச்சு. ஆனா யாரு குறைச்சுக் கேக்கிறானோ அவனுக்குப் பாலம். காயை வித்தவன் சிரிக்கிறான், பாலத்தை எடுத்தவன் முழிக்கிறான். பத்து ரூவா வேலையை ஏழு ரூவாய்க்கு எடுத்தவன் மிச்ச மூணு ரூவாயை எதுல பிடிப்பான்? உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும், சாயாவைக் குடி.

கொச்சியில பாலாரிவட்டம் மேம்பாலத்தை 2016 அக்டோபர்ல திறந்தாக, 2019 மே மாசம் மூடினாக, பிரிச்சுக் கட்டி 2021 மார்ச்சுல மறுபடி திறந்தாக. ஒரே பாலத்துக்கு ரெண்டு திறப்பு விழா! கேரளாவில எல்லாரும் ‘பஞ்சவடிப்பாலம்’ படத்தை நெனச்சுச் சிரிச்சாக. கே.ஜி. ஜார்ஜ் 1984லயே எடுத்து வச்சுட்டுப் போயிட்டார், நல்லா இருந்த பாலத்தை இடிச்சுட்டுப் புதுப்பாலம் கட்டுற பஞ்சாயத்துத் தலைவர் கதை. பாக்கலேன்னா இன்னைக்கு ராத்திரி பாரு, உன் கம்பெனியில எல்லாரும் அதுல நடிச்சிருக்காங்க.

ஆனா எனக்குக் கவலை அதில்ல மாப்ள. உன் பாலம் ஸ்ட்ராங்காத்தான் நிக்கும், அதுல ஆளு நடக்குமா?

ஒரு கணக்குப் போடுவோம். பேனா இருக்கா? ரோட்டுக்கு மேல எம்புட்டு உசரம் விடணும்? 5.5 மீட்டர். அதுக்கு மேல உன் பாலத்தோட கனம், ஒரு மீட்டர்னு வை. ஆறரை மீட்டர் ஏறணும். ஒரு படி 15 சென்டிமீட்டர். வகுத்தியா? நாப்பத்தி மூணு படி. ஏறுறதுக்கு நாப்பத்தி மூணு, இறங்குறதுக்கு நாப்பத்தி மூணு. எதுக்கு? முப்பது மீட்டர் ரோட்டைத் தாண்டுறதுக்கு. படி முடியாதவுகளுக்குச் சரிவுப் பாதை போடுவோம்ங்கிற. சரி, பன்னெண்டு அடி நடந்தா ஒரு அடி ஏறலாம், அதான சட்டம்? ஆறரையைப் பன்னெண்டால பெருக்கு. 78 மீட்டர். அங்கிட்டு ஒரு 78. நடுவுல நின்னு மூச்சு வாங்குற தட்டை எல்லாம் இன்னும் சேக்கல. ஆக, கால் முடியாதவன் முப்பது மீட்டருக்காக கிட்டத்தட்ட இருநூறு மீட்டர் போகணும். கால் நல்லா இருக்கிறவன் கீழயே ஓடிருவான். இது எந்த ஊரு நியாயம்?

கம்பத்துல இருந்து விடியக்காலையில ஜீப்புல அடைஞ்சு நம்ம பொம்பளையாளுக கம்பமெட்டு ஏறி வாராக. நாள் பூரா சரிவுல குத்த வச்சுக் காய் எடுத்துட்டு, சாயங்காலம் முழங்காலைக் கையால தூக்கி ஜீப்புல வைக்கிறாக. அந்த முழங்காலுக்கு நீ 43 படி காட்டுற. அவ பாலத்தைப் பாப்பா, ரோட்டைப் பாப்பா, நடுவுல கட்டின தடுப்புச் சுவத்துல எங்க ஓட்டை இருக்குன்னு பாப்பா. ஓட்டை இல்லேன்னா மறுநாள் இருக்கும். அப்ப நீங்க என்ன சொல்லுவீங்க? “பொதுமக்களுக்கு விழிப்புணர்வு இல்லை.” விழிப்புணர்வு கண்ணுல இருக்குடா, நோவு முட்டியில இருக்கு.

நான் பாலம் வேண்டாங்கல. இந்த நாட்டுல 2022ல மட்டும் ரோட்டுல செத்தது 1,68,491 பேரு. அதுல 32,825 பேரு சும்மா நடந்து போனவுக. அவுக கார் வாங்கல, வேகமாப் போகல, லைசென்ஸுகூட இல்ல. நம்ம குமுளி ரோட்டையே எடுத்துக்க, கார்த்திகை பொறந்துட்டா சபரிமலைக்குப் போற வண்டி வரிசையா வரும், கடையில இருந்து எதுத்த கடைக்குப் போறதுக்கே ஐயப்பனைக் கூப்பிடணும். இது ரெண்டு வண்டி ஒதுங்குற ரோடு. நாலு வழியில எப்பிடி இருக்கும்? ஊரை ரெண்டாக் கிழிச்சுட்டு ரோடு போடுறது நீங்க. கிழிச்சதைத் தைக்க மட்டும் நடக்கிறவன் ஏறி இறங்கணுமாம். கிழிச்சவன்ல ஏறணும்? முடிஞ்ச இடத்துல ரோட்டைத் தூக்கி மேல விட்டுட்டு ஊர்க்காரனைக் கீழ சமதரையில நடக்க விடு. காருக்கு முட்டி வலிக்காது.

சிரிக்காத. குரங்குக்குக் கட்டத் தெரிஞ்சவனுக்கு மனுசனுக்குக் கட்டத் தெரியலையேன்னு வருத்தமா இருக்கு. வால்பாறையில புதுத்தோட்டத்துப் பக்கம் சிங்கவால் குரங்கு ரோடு தாண்டுறப்ப அடிபட்டுச் செத்துச்சு. காட்டிலாகாவும் அங்க ஆராய்ச்சி பண்ற பசங்களும் என்ன செஞ்சாங்க? எந்த மரத்துல இருந்து எந்த மரத்துக்குக் குரங்கு போகுதுன்னு உக்காந்து பாத்தாங்க. அந்த ரெண்டு மரத்துக்கும் நடுவுல பழைய தீயணைப்புக் குழாயைப் பின்னிக் கட்டி விட்டாங்க. குரங்கு அது மேல போகுது. டெண்டர் இல்ல, பூசை இல்ல, ரிப்பன் இல்ல. உன் பாலத்துக்கு அந்த இடத்தை எப்பிடிப் பிடிச்சீங்க? “அங்கதான் மாமா காலி இடம் இருந்துச்சு.” அப்பிடிச் சொல்லு. பஸ் நிக்கிற இடம் ஒரு பக்கம், பள்ளிக்கூடம் ஒரு பக்கம், காலி இடம் முன்னூறு மீட்டர் தள்ளி. குரங்கா இருந்தா உன்னை மதிச்சே இருக்காது.

மெட்ராஸ்ல தி.நகர்ல ஒரு ஆகாய நடைபாதை, மாம்பலம் ரயில்வே ஸ்டேஷனுக்கும் தி.நகர் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவுல. 570 மீட்டர், 28 கோடியே 45 லட்சம் ரூவா, 2023 மே 16ல முதலமைச்சர் திறந்தார். தீவாளிக்கு உங்க அத்தைக்குச் சேலை எடுக்கப் போனப்ப நானும் அதுல நடந்தேன். ஜனம் தானா ஏறுது. ஏன்? ரயில்ல இருந்து இறங்குற ஜனம் எப்பிடியும் பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போகணும், கீழ ரங்கநாதன் தெருவில உள்ள போனா நசுங்கித்தான் வெளிய வரணும். ரயில்வே மேம்பாலத்துல ஏற்கெனவே ஏறியாச்சு, அப்பிடியே நேரா போயிறலாம். லிஃப்டு வேற வச்சிருக்கான். அது சரியான கணக்கு. நான் எல்லாத்தையும் குத்தம் சொல்ற ஆளுன்னு ஊருக்குள்ள பேசாத.

அதுக்கு நேர் எதிர் பாக்கணும்னா குமுளியில பஸ் ஏறி கே.கே. ரோட்டுல கோட்டயம் போ. சீமாட்டி ரவுண்டானாவில ஆகாசப்பாதைன்னு ஒண்ணு, 2016ல ஆரம்பிச்சது. நான் பாத்தப்ப இரும்புத் தூண் இருந்துச்சு, மேல வளையம் இருந்துச்சு. ஏறப் படி இல்ல, நடக்கத் தளம் இல்ல. மெடிக்கல் காலேஜுக்கு உங்க அத்தையைக் கூட்டிட்டுப் போறப்பல்லாம் பாத்தேன். முதல் வருசம் அவ, “என்னங்க இது?”ன்னா. “பாலம்டி, வேலை நடக்குது”ன்னேன். ரெண்டாம் வருசமும் கேட்டா, அதையே சொன்னேன். அப்புறம் அவளே அடுத்த சீட்டுக்காரிக்கு விளக்கம் சொல்ல ஆரம்பிச்சுட்டா, “சிலந்தி கட்டிட்டு மறந்துட்டுப் போயிருச்சு”ன்னு. ஆனா ஒண்ணு, அந்தப் பாலத்துல இருந்து இதுவரைக்கும் ஒருத்தரும் தவறி விழல. அம்புட்டு பத்திரம்.

சாயா ஆறுது பாரு. இப்ப சொல்லப் போறதைச் சிரிக்காமக் கேளு.

அமெரிக்காவில மயாமி பக்கம் ஒரு யுனிவர்சிட்டி. காலேஜு ஒரு பக்கம், பிள்ளைக தங்குற ஊரு மறுபக்கம், நடுவுல எட்டு வழி ரோடு. 2017ல அந்த ரோட்டைத் தாண்டறப்ப ஒரு மாணவி செத்துப் போச்சு. பாலம் அப்பவே திட்டத்துல இருந்துச்சு. ரோட்டை ரொம்ப நாளு மறிக்கக் கூடாதுன்னு, ஓரத்துல வச்சே முழு கான்கிரீட்டுப் பாலத்தையும் வார்த்தாங்க. 174 அடி நீளம், 950 டன். 2018 மார்ச் 10, ஒரு சனிக்கிழமை, சக்கரம் வச்ச மிஷின்ல தூக்கிட்டு வந்து தூணு மேல உக்கார வச்சாங்க. ஊரே கை தட்டுச்சு, டிவியில காட்டினான். ஒரே நாள்ல பாலம்!

அதுல ஒரு முனையில, சாய்வுத் தாங்கி தளத்தோட சேர்ற இடத்துல, விரிசல். அது நகத்துல கீறின மாதிரி விரிசல் இல்ல, சாதாரணமா விடலாம்னு சொல்ற அளவுக்கு 40 மடங்கு பெருசுன்னு பின்னால விசாரிச்சவங்க எழுதினாங்க. வடிவம் வரைஞ்ச இஞ்சினியரு 13ஆம் தேதி மாநில அதிகாரிக்குப் போன் போட்டு, விரிசல் இருக்கு, ஆனா ஆபத்துன்னு நாங்க நெனைக்கலன்னு குரல் பதிவு விட்டாரு. அதிகாரி ஆபீசுல இல்ல. 15ஆம் தேதி காலையில எல்லாரும் கூடி உக்காந்து பேசினாங்க, பயப்பட ஒண்ணுமில்லன்னு முடிவு பண்ணாங்க. மத்தியானம் ரெண்டு மணி ஆகப் போகுது, மேல ஏறி அந்தத் தாங்கிக்குள்ள இருக்கிற கம்பியை மறுபடி இறுக்கினாங்க. கீழ ரோடு திறந்தே கிடந்துச்சு, சிக்னலுக்கு வண்டிக நின்னுச்சு. மொத்தமும் விழுந்துருச்சு. ஆறு பேரு. அதுல அஞ்சு பேரு கீழ காருல உக்காந்திருந்தவுக. அதிகாரி அந்தக் குரல் பதிவைக் கேட்டது மறுநாள், 16ஆம் தேதி.

கணக்குத் தப்பு, அந்தக் கணக்கைச் சரி பாத்தவனும் சரியாப் பாக்கல, விரிசலைக் கண்ணால பாத்த பெறகும் ரோட்டை மூடல. விசாரணை அறிக்கை இதைத்தான் சொல்லுச்சு. ரோட்டை மறிக்காமக் கட்டணும்னுதான் அம்புட்டு ஏற்பாடும். மறிக்க வேண்டிய ஒரு நாள் வந்தப்ப ஒருத்தனும் மறிக்கல.

நீ என்ன செய்யணும் தெரியுமா? கம்பி இறுக்கிற அன்னைக்குக் கீழ ஒரு ஆடு மாடு போகக் கூடாது. கலெக்டர் வண்டி வந்தாலும் நிப்பாட்டு. திட்டுவாங்க, வாங்கிக்க. நான் நாப்பது வருசம் கங்காணி வேலை பாத்தேன், திட்டு வாங்கி ஒருத்தனும் செத்ததில்ல. விரிசல் பாத்தியா, போன்ல சொல்லிட்டுச் சாப்பிடப் போகாத. மலையில இருக்கிறவன் ஆடி மாச மழையில வீட்டுக்குப் பின்னால மண்ணு விரிசல் விட்டா, அது எத்தனை மில்லின்னு அளந்துட்டு உக்கார மாட்டான். பிள்ளைகளைத் தூக்கிட்டு முதல்ல வெளிய வந்துருவான். அளக்கிறதெல்லாம் பொறவு.

வேலை முடிஞ்ச பெறகும் கம்பி இருக்கிற குழாயைச் சிமெண்டுப் பால் விட்டு முழுசா அடைச்சியான்னு பாரு. பில்லுல அடைச்சது போதாது. வேல்ஸ் நாட்டுல இனிஸ்-அ-க்வாஸ்னு ஒரு பாலம். பேரைச் சொல்றதுக்குள்ள எனக்குப் பல்லு சுளுக்கிருச்சு. 1953ல துண்டு கோர்த்துக் கட்டினது, 1985 டிசம்பர்ல விழுந்துருச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல, அது அவங்க அதிர்ஷ்டம். துண்டும் துண்டும் சேர்ற சந்து வழியா உப்புத் தண்ணி இறங்கி, உள்ள கம்பியைத் தின்னுருச்சு. வெளிய பாத்தா மாப்பிள்ளை மாதிரி இருந்திருக்கு. கோர்த்த பொருளுக்கெல்லாம் சந்துதான் சத்துரு. எங்க ஸ்டோர்ல ஏலக்காய் மூட்டையில தையல் பிரிஞ்ச இடத்துலதான் ஈரம் ஏறும், பூஞ்சை பிடிக்கும். வண்டன்மேட்டுல பொறந்தவனுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேல்ஸ்காரன் வேணுமா?

சின்னப் பிள்ளையில இந்த ஓடையைத் தாண்டி ஸ்டோருக்குப் போக ஒத்தத் தடிப் பாலம்தான். ஒரு மரத்தை வெட்டிக் குறுக்கப் போட்டது. உங்க அம்மா, எங்க அக்கா, தலையில பச்சைக்காய் மூட்டையோட அதுல நடந்து போவா. கைப்பிடி கிடையாது. ஆனா அந்தத் தடி எங்க கிடந்துச்சு தெரியுமா? ஒத்தையடிப் பாதை ஓடையில வந்து முட்டுற அதே இடத்துல. பாதை முதல்ல, பாலம் பொறவு. அதைப் போட்டவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

அதனால ஒரு வேலை செய்வோம். உனக்கு இன்னும் தூணுக்குக் குழி தோண்டலேல்ல? அப்ப காகிதத்துலதான இருக்கு, மாத்தலாம். மாத்த மாட்டேன்னு உன் மேலதிகாரி சொன்னா, உங்க அம்மாவைக் கூட்டிட்டுப் போய் அவர் ஆபீசு மூணாவது மாடிக்கு நடந்து ஏத்து, லிஃப்டுல ஏறாத. ஏறி முடிச்சதும் அவளே பேசிக்குவா.

அதுக்கு முன்னால ரோட்டு ஓரத்துல மூணு நாளு உக்காரணும், விடியக்காலையில இருந்து பள்ளிக்கூடம் விட்டு, கடைசி பஸ் போற வரைக்கும். யாரு எந்த இடத்துல தாண்டுறான்னு பாக்கணும். நானும் வாரேன். இங்க எனக்கென்ன, காய் எடுப்பு முடிஞ்சு போச்சு. தாண்டுற இடத்துக்கெல்லாம் கோடு போட்டுக் குறிச்சு வைப்போம். நீ டேப் எடுத்துட்டு வா. சுண்ணாம்பு நான் கொண்டாரேன்.